‘பாசிட்டிவ்’ என்று வந்த மச்சம்

பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு வரி உண்டு. வகுப்பாசிரியர் மாணவரை அருகில் அழைத்து முகம், கழுத்து, முழங்கை என்று தேடி, ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘இடது முன்கையில் ஒரு மச்சம்’ என்று எழுதுவார். பதினைந்து வயதில் எழுதிய அந்த வரி ஓய்வு பெறும் வயதிலும் பொருந்தும். ஆள் வளர்கிறார், எடை கூடுகிறது, முடி நரைக்கிறது. மச்சம் மட்டும் அதே இடத்தில் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் என்று அரசாங்கமே நம்புகிறது.

அந்த நம்பிக்கைக்குள் ஒரு புதிர் இருக்கிறது. மச்சம் என்பது தோலுக்கு நிறம் தரும் செல் ஒன்று பெருகிப் பெருகி உண்டாக்கிய கூட்டம். மருத்துவக் கணக்கில் அதுவும் ஒரு கட்டிதான், தீங்கில்லாத கட்டி. பிள்ளைப் பருவத்தில் தோன்றி, சில மில்லிமீட்டர் வளர்ந்து, நின்றுவிடுகிறது. பிறகு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சும்மா இருக்கிறது. ஒரு செல்லை ஆயிரக்கணக்கில் பெருக வைத்தது எது? பெருகியதை நிறுத்தியது எது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோதுதான், மச்சத்தைப் பரிசோதிக்கும் மருத்துவர்களைத் தூங்கவிடாத ஓர் உண்மை வெளிவந்தது. புற்றுநோயின் அடையாளம் என்று நாம் நினைக்கும் பல குறிகள் சாதுவான மச்சத்திலும் இருக்கின்றன. ஆகவே பரிசோதனை அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரு சொல் வந்தால் அதற்கு என்ன பொருள் என்பது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். மச்சத்தை எடுத்துவிட்டு, அறிக்கையை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் செல்போனில் தேடி, முடிவு வருவதற்கு முன்பே உடைந்துபோகும் குடும்பங்கள் இன்று இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்லுக்கு மெலனோசைட் என்று பெயர். தமிழில் நிறமிச் செல் என்று சொல்லலாம். அது மேல்தோலின் அடிவரிசையில் இருக்கிறது. அதிலிருந்து தீங்கில்லாமல் வளர்ந்த கூட்டம் மச்சம். மருத்துவர்கள் நீவஸ் என்பார்கள். அதே செல்லிலிருந்து வரும் புற்றுநோய் மெலனோமா. இரண்டுக்கும் மூலம் ஒன்று என்பதால் குழப்பத்துக்கும் மூலம் அதுவே.

2002 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள சாங்கர் நிறுவனத்தைச் சேர்ந்த குழு, பலவகைப் புற்றுநோய்ச் செல்களின் மரபணுக்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தது. மெலனோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில் பி-ராஃப் என்ற மரபணு பிறழ்ந்திருந்தது. பிறழ்வு பெரும்பாலும் ஒரே இடத்தில். அந்த மரபணு தயாரிக்கும் புரதத்தில் 600ஆவது அமினோ அமிலம் மாறியிருந்தது. வேலின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம். ஒரே ஓர் எழுத்துப் பிழை. ‘வளர், பிரி’ என்று வெளியிலிருந்து கட்டளை வந்தால் மட்டும் செல்லுக்குள் அதைக் கடத்த வேண்டிய புரதம், கட்டளை வராமலே ஓயாமல் கடத்தத் தொடங்கிவிடுகிறது. மெலனோமாவின் ஆணிவேர் அகப்பட்டுவிட்டது என்று பலரும் எண்ணினார்கள்.

மறு ஆண்டே அமெரிக்கக் குழு ஒன்று மச்சங்களை எடுத்துச் சோதித்தது. புற்றுநோய் இல்லாத, சாதாரண மச்சங்கள். அவற்றில் 82 சதவீதத்தில் அதே மரபணு, அதே பிறழ்வு. மெலனோமாவில் இருந்ததைவிடக் கூடுதலான விகிதம்!

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழே இறக்க முடியவில்லை. மாடித் தொட்டி வழிந்து வீடு நனையுமா? தொட்டியில் ஆட்டோ கட்-ஆஃப் இருந்தால் நனையாது. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்ததும் மோட்டார் தானாக நிற்கும். சுவிட்ச் இன்னும் ‘ஆன்’ தான், மோட்டார் ஓடவில்லை. பி-ராஃப் பிறழ்வு அந்த ஒட்டிக்கொண்ட சுவிட்ச். மச்சம் என்பது கட்-ஆஃப் வேலை செய்த தொட்டி. மெலனோமாவில் சுவிட்சும் ஒட்டிக்கொண்டு, கட்-ஆஃபும் பழுதாகிவிட்டது. சுவிட்சை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

செல்லுக்குள் இருக்கும் கட்-ஆஃபில் முக்கியமானது பி16 என்ற புரதம். செல் பிரிவதற்கு முன் கடக்க வேண்டிய வாசலை அது அடைக்கிறது. 2005 இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் மனித நிறமிச் செல்களுக்குள் பிறழ்ந்த பி-ராஃபைச் செலுத்திப் பார்த்தார்கள். செல்களில் பி16 பெருகியது. அவை பிரிவதை நிறுத்தின. பின்னர் உண்மையான மச்சங்களை எடுத்துப் பார்த்தபோது அங்கும் இதே கோலம் தெரிந்தது. செல் உயிரோடு இருந்துகொண்டே பிரிவதைக் கைவிடும் இந்த நிலைக்குச் செல் மூப்பு என்று பெயர்.

மச்சம் நிற்பதற்கு இது மட்டும்தான் காரணமா என்பதில் இன்று விவாதம் உண்டு. மூப்படைந்த செல் திரும்ப எழாது என்பது பழைய பாடம். ஆனால் அரைகுறையாக வெட்டிய மச்சம் சில மாதங்களில் மீண்டும் வளர்வதைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். 2020 இல் கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, மச்சச் செல்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டு கூட்டாக நிற்கின்றன என்ற கருத்தை முன்வைத்தது. எனக்கு இந்தக் கருத்து வலுவாகவே படுகிறது; வெட்டிய மச்சம் ஏன் மீண்டும் எழுகிறது என்பதற்கு அது விடை தருகிறது. எப்படி இருந்தாலும் நம் கேள்விக்கு வேண்டிய முடிவு மாறவில்லை. பிறழ்வு இருப்பதால் மட்டும் மச்சம் புற்றாகிவிடாது. அமெரிக்காவில் 2003 இல் போட்ட ஒரு கணக்கின்படி, 40 வயதுக்குக் கீழுள்ள ஒருவரின் ஒரு குறிப்பிட்ட மச்சம் ஓர் ஆண்டில் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு 2 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

பி-ராஃப் கதை தனிக் கதையும் அல்ல. கையின் பின்புறத்திலும் பாதத்திலும் வரும் நீல மச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமி தோலின் ஆழத்தில் இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணு பிறழ்ந்திருப்பது 2009 இல் தெரியவந்தது. கண்ணுக்குள் வரும் மெலனோமாவில் ஏறத்தாழப் பாதியில் இருப்பதும் அதே பிறழ்வு. வயதானவர்களின் முதுகில் ஒட்டவைத்ததுபோல் எழும் பழுப்புத் தடிப்புகள் மச்ச வகையே அல்ல. அவை தோலின் மேற்செல்களிலிருந்து வருபவை. அவற்றில் பலவற்றிலும் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுப் பிறழ்வு இருக்கிறது, சிறுநீர்ப்பைப் புற்றில் காணப்படும் அதே பிறழ்வு. அந்தத் தடிப்புகள் கோடிக்கணக்கானவர்களின் முதுகில் எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கின்றன.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். எடுத்த மச்சத்தை ஃபார்மலினில் போட்டு, பிறகு பாரஃபின் மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக்குவார்கள். ஆய்வகங்களில் இதற்கு பிளாக் என்று பெயர். அதை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றுவார்கள். முதல் சாயம் ஹீமடாக்சிலின், நடு அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வருவது; செல்லின் கருவை நீலமாக்கும். இரண்டாவது இயோசின்; மற்றவற்றை இளஞ்சிவப்பாக்கும். நோய்க்கூறியல் மருத்துவர், அதாவது பெத்தாலஜிஸ்ட், முதலில் பார்ப்பது இதைத்தான். இடமும் வலமும் சமச்சீராக இருக்கிறதா? செல்கள் கூடுகூடாகச் சேர்ந்திருக்கின்றனவா, சிதறித் திரிகின்றனவா? மேலிருந்து ஆழத்துக்குப் போகப் போகச் செல்கள் சிறுத்து, நிறமி குறைந்து, அடங்குகின்றனவா? ஆழத்தில் இப்படி அடங்குவதை முதிர்ச்சி என்பார்கள். மச்சத்தின் மிக நம்பகமான குணம் இது. பெரும்பாலான மச்சங்களுக்கு இந்த இரண்டு சாயமே போதும். முடிவு சில நிமிடங்களில் எழுதப்படுகிறது.

சந்தேகம் இருந்தால்தான் அடுத்த கட்டம். அறிக்கையில் ‘ஐஎச்சி’ என்று வருவது அது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தகட்டில் ஊற்றுகிறார்கள். புரதம் இருக்கும் இடத்தில் அது ஒட்டும். ஒட்டிய இடத்தில் நிறம் தோன்றும்படி ஒரு வேதிவினை நடக்கும். இப்படித் தேடப்படும் புரதத்தைக் குறிப்பான் என்று அழைக்கலாம். ஒரே இலக்கைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975 இல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் இருவரும் கண்டுபிடித்தார்கள். 1984 இல் நோபெல் பரிசும் பெற்றார்கள். இன்று ஆய்வகக் குளிர்பெட்டியில் வரிசையாக நிற்கும் குப்பிகள் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள்.

நிறமி உள்ள திசுவில் இதைச் செய்வதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்தும் வேதிப்பொருள் தரும் நிறம் பழுப்பு. மெலனினும் பழுப்பு. கறுத்த மச்சம் ஒன்றின் தகட்டை உருப்பெருக்கியில் வைத்தால், தெரிகிற பழுப்பு சாயமா, பிறவி நிறமா என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, சிந்திய மெலனினை விழுங்கிய துப்புரவுச் செல்கள் வேறு அங்கங்கே பழுப்பு மூட்டைகளாகக் கிடக்கும். அவை நிறமிச் செல்களே அல்ல. இருந்தும் அவசரக் கண்ணுக்கு ‘பாசிட்டிவ்’ ஆகத் தோன்றும். அதனால் கவனமான ஆய்வகங்கள் சிவப்பு நிறம் தரும் வேதிப்பொருளுக்கு மாறுகின்றன, அல்லது மெலனினை முதலில் வெளுக்க வைத்துவிட்டுச் சாயமேற்றுகின்றன. எதிர்ப்பொருள் ஊற்றாத தகடு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். நம்மைப் போன்ற நிறமுள்ள மக்களின் தோலில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

குறிப்பான்கள் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. வாசகர் மனதில் பதிய வேண்டியது இதுதான். சில குறிப்பான்கள் ‘இந்தச் செல் எந்தக் குலம்?’ என்று மட்டும் சொல்லும். எஸ்100, சாக்ஸ்10, மெலன்-ஏ ஆகியவை அப்படி. எஸ்100 முதன்முதலில் 1965 இல் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மூளையில் கிடைத்த புரதம் மச்சத்தில் எப்படி வந்தது? கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது அதன் ஓரத்திலிருந்து பிரிந்து தோலுக்கு நடந்து வந்த செல்களின் வழித்தோன்றல்தான் நிறமிச் செல். அந்தப் பிறப்பின் சாட்சியாக எஸ்100 தங்கியிருக்கிறது. மச்சத்திலும் ‘பாசிட்டிவ்’, மெலனோமாவிலும் ‘பாசிட்டிவ்’. அறிக்கையில் ‘எஸ்100 பாசிட்டிவ்’ என்று இருந்தால் ‘இது நிறமிச் செல் குடும்பத்தைச் சேர்ந்தது’ என்று படிக்க வேண்டும். அதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை.

இரண்டாவது வகைக் குறிப்பானில் இருக்கிறதா, இல்லையா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். எச்எம்பி45 என்ற எதிர்ப்பொருள் இளம் நிறமித் துகள்களில் உள்ள ஒரு புரதத்தைப் பிடிக்கிறது. சாதாரண மச்சத்தில் மேல்பகுதிச் செல்கள் நன்றாக நிறம் ஏற்கும். ஆழத்துக்குப் போகப் போக நிறம் மங்கி மறையும். முன்னே சொன்ன முதிர்ச்சியின் வேதியியல் முகம் இது. மெலனோமாவில் பல வேளை மேலும் கீழும் திட்டுத்திட்டாக நிறம் ஏறும். ‘எச்எம்பி45 பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி இந்த இரண்டையும் பிரிக்காது. ‘மேலே பாசிட்டிவ், ஆழத்தில் மங்குகிறது’ என்ற வரி பிரிக்கும். இதற்கும் விலக்கு உண்டு. நீல மச்சம் ஆழம் வரை முழுக்க நிறம் ஏற்கும், ஆனால் சாது. எது நீல மச்சம் என்று முதலில் தெரிந்தவருக்கே இந்தக் குறி பயன்படும்.

மூன்றாவது வகை, செல் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது. கே.ஐ.67 என்ற குறிப்பான் பிரியும் வேலையில் இறங்கிய செல்லின் கருவில் மட்டும் தோன்றும். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்து 1983 இல் வெளியிட்டார்கள். மச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு செல்கள் நிறம் ஏற்பது வழக்கம், அதுவும் பெரும்பாலும் மேற்பகுதியில். ஆழத்தில் பல செல்கள் பிரிந்துகொண்டிருந்தால் கவலைக்கு இடம் உண்டு. ஆனால் எண்ணுவது யாரை? மச்சத்தைச் சுற்றி நிணநீர்ச் செல்கள் கூடியிருந்தால் அவையும் பிரியும், அவையும் நிறம் ஏற்கும். அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் சாதுவான மச்சத்துக்குப் பொல்லாத எண் கிடைக்கும். அதனால் சில ஆய்வகங்கள் மெலன்-ஏவை ஒரு நிறத்திலும் கே.ஐ.67ஐ இன்னொரு நிறத்திலும் ஒரே தகட்டில் ஏற்றி, இரண்டும் சேர்ந்த செல்லை மட்டும் எண்ணுகின்றன. உரசிக் காயப்பட்ட மச்சத்திலும், கர்ப்ப காலத்து மச்சத்திலும் எண் கொஞ்சம் கூடுவதுண்டு. இந்தச் செய்திகள் தகட்டில் எழுதியிருக்காது. நோயாளி மருத்துவரிடமும், அவர் பெத்தாலஜிஸ்ட்டிடமும் சொன்னால்தான் உண்டு.

பி16 குறிப்பான் கட்-ஆஃப் இருக்கிறதா என்று கேட்கிறது. மச்சத்தில் பொதுவாக இருக்கும். பல மெலனோமாக்களில் முழுக்கக் காணாமல் போயிருக்கும். முழுக்கக் காணவில்லை என்றால் உஷாராக வேண்டும். இருக்கிறது என்றால் முழு நிம்மதியா? இல்லை. பி16ஐ இழக்காத மெலனோமாக்களும் கணிசமாக உண்டு.

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது பிரேம் என்ற குறிப்பான். 1997 இல் பெல்ஜியத்தில், மெலனோமா நோயாளி ஒருவரின் நோயெதிர்ப்புச் செல்கள் எந்தப் புரதத்தை அடையாளம் கண்டு தாக்குகின்றன என்று தேடியபோது இது அகப்பட்டது. உடலின் இயல்பான திசுக்களில், விரை போன்ற சிலவற்றைத் தவிர, மிகக் குறைவு. 2018 இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தோலில் தோன்றிய மெலனோமாக்களில் 83 சதவீதம் பரவலாக நிறம் ஏற்றன; மச்சங்களில் 86 சதவீதம் துளிகூட ஏற்கவில்லை. மீதமுள்ள மச்சங்களில் பெரும்பாலும் சில செல்கள் மட்டும் ஏற்றன. அதனால் ‘இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘முக்கால் பங்குக்கு மேற்பட்ட செல்களில் இருக்கிறதா’ என்று கேட்பது வழக்கமானது.

அருமையான குறிப்பான் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உண்மையான மெலனோமாக்களில் நூற்றுக்கு 83ஐ இந்தச் சோதனை பிடிக்கிறது என்றும், மச்சங்களில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எந்தச் சந்தேகமும் இல்லாமல் எடுத்த ஆயிரம் மாதிரிகளில் 20 மட்டுமே மெலனோமா என்றும் வைப்போம். சோதனை அந்த இருபதில் 17ஐப் பிடிக்கும். மீதி 980 மச்சங்களில் சுமார் 10ஐயும் பிடிக்கும். ஆக ‘பாசிட்டிவ்’ என்று வந்த 27 பேரில் 10 பேருக்கு இருப்பது வெறும் மச்சம். இப்போது அனுபவசாலியான மருத்துவர் சாதாரண சாயத்தில் பார்த்து, பாதிக்குப் பாதி மெலனோமாவாக இருக்கலாம் என்று ஒதுக்கிய ஆயிரம் மாதிரிகளில் அதே சோதனையைச் செய்யுங்கள். 415 மெலனோமாக்கள் பிடிபடும். மச்சங்களில் ஐந்துதான் தவறாக மாட்டும். எதிர்ப்பொருள் ஒன்றே, நிறமும் ஒன்றே. முதல் குவியலில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லின் எடை கம்மி. இரண்டாவதில் மிக அதிகம். குறிப்பானின் பலம் குப்பிக்குள் மட்டும் இல்லை. சோதனைக்கு முன் மருத்துவர் பார்த்த பார்வையிலும் இருக்கிறது. கண்ட மச்சத்துக்கெல்லாம் எல்லாக் குறிப்பான்களையும் போடும் ‘பேக்கேஜ்’ பழக்கம் நல்லதல்ல என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

எதிர்த்திசையிலும் வழுக்கும். தழும்புபோல நாராகப் பரவும் ஒருவகை மெலனோமாவில் பிரேம் பெரும்பாலும் நிறம் ஏற்காது. ‘நெகட்டிவ்’ என்று அங்கே நிம்மதி அடைந்தால் ஆபத்து.

குழந்தைகளின் முகத்திலும் காலிலும் திடீரென்று எழும் சிவந்த மச்சம் ஒன்று உண்டு. உருப்பெருக்கியில் அதன் செல்கள் பெரிதாக, பொல்லாதவையாகவே தெரியும். 1948 இல் நியூயார்க்கின் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற பெத்தாலஜிஸ்ட், மெலனோமா என்று கருதப்பட்ட 13 குழந்தைகளின் தகடுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். ஒரு குழந்தை இறந்திருந்தது. மற்ற பன்னிருவரும் நலம். தகட்டில் புற்றுபோலத் தெரிவதும் வாழ்க்கையில் நடப்பதும் ஒத்துப்போகவில்லை என்பதை அவர் எழுதினார். இன்று அது ஸ்பிட்ஸ் மச்சம். எதிர்ப்பொருள் சாயமும் மரபணுச் சோதனையும் கைக்கு வராத காலத்தில், நோயாளிக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்ததே அவர் பயன்படுத்திய குறிப்பான். நாம் இன்று நம்பும் ஒவ்வொரு குறிப்பானும் கடைசியில் இந்தத் தேர்வில்தான் தேற வேண்டும்: ஆள் நலமாக இருக்கிறாரா?

நம் ஊருக்கு மிக வேண்டிய இடம் உள்ளங்காலும் உள்ளங்கையும். மெலனோமா நம்மிடையே அரிது. வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது அதிகம். அங்கேயே சாது மச்சங்களும் நிறைய உண்டு. பிரிக்கும் வழியை ஜப்பானிய மருத்துவர்கள் கண்டார்கள். உள்ளங்காலில் கைரேகைபோல மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கின்றன. டெர்மாஸ்கோப் என்ற கையடக்க உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்து வரிகளில் ஓடும். தொடக்கநிலை மெலனோமாவின் நிறம் மேட்டு வரிகளில் ஓடும். வியர்வைத் துளைகள் மேட்டில்தான் வரிசையாக வெண்புள்ளிகளாகத் தெரியும் என்பதால், எது மேடு என்று கண்டுகொள்ளலாம். கத்தியும் வேண்டாம், சாயமும் வேண்டாம். பயிற்சி பெற்ற கண் போதும். அதே உள்ளங்கால் மச்சத்தை வெட்டித் தகட்டில் பார்க்கும்போது வேறொரு பொறி. நிறமிச் செல்கள் மேல்தோலின் மேலடுக்குகளுக்கு ஏறுவது முதுகில் கண்டால் அபாயக் குறி. உள்ளங்கால் மச்சத்தில் ஓரளவு ஏற்றம் இயல்பு. மாதிரி எங்கிருந்து எடுத்தது என்று படிவத்தில் எழுதாமல் அனுப்பினால், இயல்பானது அபாயமாகிவிடும்.

இதைவிட வருத்தமான ஒன்று நம் பழக்கத்தால் வருகிறது. மச்சம் அழகைக் கெடுக்கிறது என்று அழகு நிலையத்தில் சுட்டுக்கொள்கிறார்கள். சிலர் சுண்ணாம்பு வைத்து எரிக்கிறார்கள். மேலே இருந்தது போய்விடும். வேர்ச்செல்கள் சில தங்கும். சில வாரங்களில் தழும்புக்கு நடுவே மீண்டும் நிறம் எழும். அதை எடுத்துப் பார்த்தால் செல்கள் ஒழுங்கின்றிச் சிதறி, எச்எம்பி45 கூடி, கே.ஐ.67உம் சற்றுக் கூடி, மெலனோமாபோலவே நிற்கும். 1975 இலேயே இதற்குப் போலி மெலனோமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘முன்பு சுட்டது’ என்ற ஒரு வரி தெரிந்தால் மருத்துவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்: கோளாறு தழும்பின் எல்லைக்குள் நிற்கிறதா, கீழே பழைய மச்சத்தின் மிச்சம் அமைதியாக இருக்கிறதா என்று. அந்த வரி தெரியாவிட்டால் தேவையில்லாத பெரிய அறுவை நடக்கலாம். சுட்டது உண்மையிலேயே மெலனோமாவாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் கொடிது. சோதிக்க எதுவும் மிஞ்சாமல் போயிருக்கும்.

மச்சத்தையும் மெலனோமாவையும் பிரிப்பது நிபுணர்களும் திணறும் இடம். அமெரிக்காவில் 187 பெத்தாலஜிஸ்ட்டுகளிடம் 240 மாதிரிகளின் தகடுகளைப் பிரித்துக் கொடுத்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், தெளிவான சாது மச்சங்களில் 92 சதவீத விடைகள் நிபுணர் குழுவின் முடிவோடு ஒத்துப்போயின. முற்றிய மெலனோமாக்களில் 72 சதவீதம். நடுத்தரச் சந்தேக மச்சங்களில் 25 சதவீதம்தான். இதைச் சொல்வது மருத்துவர்மீது அவநம்பிக்கை ஊட்ட அல்ல. இரண்டு முனைகளிலும் அவர்கள் சொல்வது பெரிதும் உறுதி. நடுவில் இயற்கையே கோடு போடவில்லை. அங்கே இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர்கள் தாங்களே கேட்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். புதிதாகத் தோன்றிய, மாறிக்கொண்டிருக்கும், இரத்தம் கசியும் மச்சத்தையும், உள்ளங்காலில் பரவும் கறுப்பையும், நகத்தில் அகன்றுகொண்டே போகும் கருங்கோட்டையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அழகு நிலையத்தில் சுட்டுக்கொள்ளாதீர்கள். மருத்துவர் மச்சத்தை எடுத்தால், எவ்வளவு சிறியதானாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை நாளாக, முன்பு சுட்டதா, உரசியதா, கர்ப்பமா என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் ‘பாசிட்டிவ்’ என்ற சொற்களைத் தாண்டி, கடைசியில் இருக்கும் முடிவு வரியைப் படித்து, மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். ஐயம் இருந்தால் தகட்டையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, தோல் நோய்க்கூறியலில் தேர்ந்த இன்னொருவரிடம் காட்டுங்கள். மெழுகில் பதித்த திசு பல ஆண்டுகள் கெடாது.